ஐந்து பேரைச் சேர்ப்பது எளிது

1994-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனிலிருந்து வெளிவரும் 'தி ஸ்டேஜ்' என்ற மேடைக்கலை வார இதழில் ஒரு சிறு விளம்பரம் வந்தது. பாடவும் ஆடவும் தெரிந்த, 18 முதல் 23 வயது வரையுள்ள பெண்கள் தேவை. துணிச்சலும் முன்னுக்கு வரும் ஆசையும் கடும் உழைப்பும் வேண்டும் என்பது அதன் சாரம். பாப் ஹெர்பர்ட்டும் அவர் மகன் கிறிஸ் ஹெர்பர்ட்டும் நடத்திய மேலாண்மை நிறுவனம் கொடுத்த விளம்பரம் அது. அந்த நாட்களில் இங்கிலாந்தின் இசைச் சந்தையில் 'டேக் தட்' போன்ற இளைஞர் குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. அதே அளவுக்குப் பெண்கள் குழு ஒன்று இல்லை. அந்தக் காலி இடத்தைத்தான் தந்தையும் மகனும் குறிவைத்தார்கள். ஏறத்தாழ 400 பேர் தேர்வுக்கு வந்தார்கள். ஐவரைத் தேர்ந்தெடுத்து, மெய்டன்ஹெட் என்ற ஊரில் ஒரே வீட்டில் குடிவைத்து, பாட்டும் நடனமும் கற்றுக்கொடுத்தார்கள். குழுவுக்கு 'டச்' என்று பெயர் வைத்தார்கள். ஐவரில் ஒருவர் சில மாதங்களில் விலக, அந்த இடத்துக்கு எம்மா பன்டன் வந்தார்.

சந்தை, விளம்பரம், வீடு, பெயர் எல்லாம் வந்துவிட்டன. பாட்டு இன்னும் வரவில்லை. தயாரிக்கப்பட்ட பாப் குழு ஒன்று உருவாகும் வரிசை பெரும்பாலும் இதுதான். முதலில் சந்தையில் ஓர் இடைவெளி தெரிகிறது, பிறகு அதற்கேற்ற முகங்கள், அதன் பிறகுதான் குரல்களும் பாடல்களும்.

இசை ரசிகர்கள் பலர் 'தயாரிக்கப்பட்ட குழு' என்பதை ஒரு வசவாகவே சொல்கிறார்கள். தானே முளைத்தது உயர்வு, நட்டு வளர்த்தது தாழ்வு என்ற எண்ணம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் ஆட்களைத் தேடித்தான் சேர்க்கிறோம். அதனால் அவை போலியாகிவிடுவதில்லை. முன்பின் அறியாத ஐந்து பேரைச் சேர்த்தார்கள் என்பது குற்றமே இல்லை. சேர்த்த பிறகு அந்தக் குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், பாட்டின் உரிமை யாரிடம், அந்தப் பிள்ளைகளின் எத்தனை ஆண்டுகள் யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் கேட்க வேண்டியது. இந்தக் குழுக்களின் வரலாற்றில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாமே அந்த மூன்றில் ஒன்றைப் பற்றியவை.

ஹெர்பர்ட்டுகள் சறுக்கியதும் அங்கேதான். ஐவரிடமும் முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமலே பயிற்சியை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1994 இறுதியில் பாடலாசிரியர்களையும் தயாரிப்பாளர்களையும் அழைத்து ஒரு காட்சி நிகழ்ச்சி வைத்தார்கள். கிடைத்த வரவேற்பைப் பார்த்த ஐவருக்கும் தங்கள் மதிப்பு புரிந்தது. 1995-இல் கையெழுத்துப் போடாமலே வெளியேறினார்கள். சைமன் ஃபுல்லரை மேலாளராக அமர்த்திக்கொண்டார்கள், விர்ஜின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள், 1996 ஜூலையில் 'வான்னபீ' பாடலோடு ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பெயரில் உலகத்தின் முன் வந்து நின்றார்கள். பாடல்களை யார் எவ்வளவு எழுதினாலும் உரிமை ஐவருக்கும் சமம் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். 1997 நவம்பரில் ஃபுல்லரையும் நீக்கினார்கள்.

ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். விளையாட்டுப் பெண், குழந்தைப் பெண், மேட்டுக்குடிப் பெண் என்று ஐவருக்கும் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்களைத்தான் தயாரிப்பின் உச்சம் என்று எல்லோரும் காட்டுவார்கள். அவற்றை எந்த மேலாளரும் திட்டமிடவில்லை. 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' இதழின் ஆசிரியர் பீட்டர் லொரெய்ன் 1996-இல் தம் இதழுக்காக வைத்த பெயர்கள் அவை. பொருத்தமாக இருந்ததால் உலகம் பிடித்துக்கொண்டது. திட்டத்தில் இல்லாத ஒன்றும் சேர்ந்தால்தான் இந்தக் குழுக்கள் உயிர்பெறுகின்றன.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் இதே நாடகம் நடந்திருக்கிறது. 1965 செப்டம்பரில் ஹாலிவுட் தொழில் இதழ்களில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக நான்கு கிறுக்குப் பையன்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. 437 பேர் விண்ணப்பித்தார்கள். பீட்டில்ஸ் அலையில் மிதந்த இளைஞர்களுக்காக, ஓர் இசைக்குழுவின் கதையைச் சொல்லும் நகைச்சுவைத் தொடர் அது. டேவி ஜோன்ஸ், மிக்கி டோலென்ஸ், மைக்கேல் நெஸ்மித், பீட்டர் டோர்க் நால்வரும் குழுவாக நடிக்கத் தேர்வானார்கள். குழுவின் பெயர் மங்கீஸ். தொடர் 1966 செப்டம்பரில் தொடங்கியது. இசைப் பொறுப்பு டான் கிர்ஷ்னரிடம் இருந்தது. அவர் கைதேர்ந்த பாடலாசிரியர்களை எழுத வைத்தார், கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு இசையைப் பதிவு செய்தார், நால்வரையும் அழைத்துப் பாட மட்டும் வைத்தார். முதல் இரண்டு இசைத்தட்டுகளும் லட்சக்கணக்கில் விற்றன.

நெஸ்மித்தால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் உண்மையில் பாட்டு எழுதுபவர், கிதார் வாசிப்பவர். இரண்டாவது இசைத்தட்டு தங்களுக்குத் தெரியாமலே கடைக்கு வந்துவிட்டதை அறிந்து கொதித்தார். 1967 ஜனவரியில் ஒரு ஓட்டல் அறையில் நடந்த வாக்குவாதத்தில் சுவரைக் குத்தி ஓட்டையாக்கினார். அடுத்த மாதமே கிர்ஷ்னர் நீக்கப்பட்டார். நால்வரும் தாங்களே வாசித்துப் பதிவு செய்த 'ஹெட்குவார்ட்டர்ஸ்' அந்த மே மாதம் வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. நடிக்கச் சேர்த்தவர்கள் நிஜமாகவே ஒரு குழுவாகிவிட்டார்கள்.

கிர்ஷ்னர் தாம் கற்ற பாடத்தை எங்கே செலுத்தினார் என்பது இந்தத் தொழிலின் மனத்தை நன்றாகக் காட்டுகிறது. அடுத்து அவர் பொறுப்பேற்றது 'ஆர்ச்சீஸ்' என்ற கார்ட்டூன் குழுவின் இசைக்கு. வரைந்த உருவங்கள் சுவரைக் குத்துவதில்லை. அந்தக் குழுவின் 'சுகர், சுகர்' 1969-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் நான்கு வாரம் முதலிடம் பெற்றது.

தொண்ணூறுகளில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் லூ பெர்ல்மன் என்பவர் இளைஞர் குழுக்களைத் தொழிற்சாலைபோல உருவாக்கினார். விமானங்களையும் வான்கப்பல்களையும் வாடகைக்கு விட்டவர் அவர். 'நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக்' குழு அவருடைய விமானத்தை வாடகைக்கு எடுத்தபோது, இத்தனை பணம் இந்தப் பையன்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துத்தான் இசைக்குள் வந்தார். 1993-இல் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், 1995-இல் என்சிங்க். பாடல்களுக்கு ஸ்டாக்ஹோமிலிருந்த செய்ரான் ஒலிக்கூடம் துணை நின்றது. ஒப்பந்தத்தில் பெர்ல்மன் மேலாளர், தயாரிப்பாளர் என்ற பங்குகளோடு, பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் ஆறாவது உறுப்பினர் என்ற பங்கையும் எடுத்துக்கொண்டார். மேடையில் ஐந்து பேர், கணக்கில் ஆறு பேர். இரு குழுக்களும் வழக்குப் போட்டே விடுபட்டன. பின்னாளில் அவர் 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதி மோசடி நடத்தியது வெளியாகி, 2008-இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 2016-இல் சிறையிருப்பிலேயே இறந்தார்.

இவை எல்லாம் தனி மனிதர்களின் சாமர்த்தியத்தால் நடந்தவை. இதை ஒரு முறையாக, ஆண்டுதோறும் திரும்பச் செய்யக்கூடிய ஏற்பாடாக மாற்றியது தென்கொரியா.

எழுபதுகளில் நாட்டுப்புறப் பாணிப் பாடகராக இருந்த லீ சூ-மான், அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர். அங்கே பார்த்த இசைத் தொலைக்காட்சியின் தாக்கம் அவரிடம் ஆழமாக இருந்தது. எஸ்எம் நிறுவனத்தைத் தொடங்கி அவர் முதலில் வளர்த்த பாடகர் போதைப்பொருள் வழக்கில் சிக்கினார். திறமை மட்டும் போதாது, ஆளையே சிறு வயதிலிருந்து வார்த்தெடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவரைத் தள்ளியது இந்த அடிதான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. பள்ளி மாணவிகளுக்கு எப்படிப்பட்ட பாடகர்கள் பிடிக்கும் என்று கேட்டறிந்து, ஐந்து பையன்களைச் சேர்த்து, 1996 செப்டம்பரில் எச்.ஓ.டி. குழுவை அறிமுகப்படுத்தினார். இப்படி நிறுவனம் வளர்த்தெடுக்கும் பாப் நட்சத்திரங்களைக் கொரியாவில் 'ஐடல்' என்பார்கள். அந்த முறையின் தொடக்கம் இதுதான். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் 'பண்பாட்டுத் தொழில்நுட்பம்'.

அந்த முறை நடக்கும் விதத்தைப் பார்க்கலாம். பத்து, பன்னிரண்டு வயதிலேயே பிள்ளைகள் தேர்வுக்கு வருகிறார்கள். தேர்வானவர்கள் 'பயிற்சியாளர்கள்' என்று அழைக்கப்படுகிறார்கள். அதாவது பயிற்சி பெறுபவர்கள். பள்ளி முடிந்ததும் நிறுவனக் கட்டடம், அங்கே இரவு வரை குரல், நடனம், ராப், நடிப்பு, ஜப்பானிய மொழி, சீன மொழி, ஆங்கிலம். மாத முடிவில் மதிப்பீடு. பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்று ஆடிப் பாட, நிறுவனத்தார் குறிப்பெடுப்பார்கள். அது ஒளிப்பதிவும் ஆகும். முன்னேற்றம் போதாதவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். உடல் எடைக்கும் கணக்கு உண்டு. தொலைபேசிக்கும் காதலுக்கும் தடை என்பது பல நிறுவனங்களில் எழுதப்படாத சட்டம், சிலவற்றில் எழுதியே வைத்த சட்டம். எப்போது மேடையேறுவோம் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. டுவைஸ் என்ற கொரியப் பெண்கள் குழுவின் தலைவி ஜிஹ்யோ ஜேஒய்பி நிறுவனத்தில் சேர்ந்தது 2005-இல், குழுவில் அறிமுகமானது 2015-இல். பத்து ஆண்டுகள்! பத்தாண்டு காத்திருந்து இடம் கிடைத்தவரின் கதை நமக்குத் தெரிகிறது. கிடைக்காதவர்களின் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை.

குழுவைக் கூட்டும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு பணி ஒதுக்கப்படுகிறது. தலைவர், முதன்மைக் குரல், முதன்மை நடனம், ராப், அழகு முகம், நடுவில் நிற்பவர், 'மக்னே' எனப்படும் கடைக்குட்டி. பாட்டின் வரிகள் நொடிக்கணக்கில் பங்கிடப்படுகின்றன. நடன அமைப்பில் ஒவ்வொருவரும் எந்த நொடியில் கேமராவுக்கு முன் வர வேண்டும் என்பதும் முன்பே தீர்மானம். சந்தையும் உள்ளே வருகிறது: டுவைஸின் ஒன்பது பேரில் மூவர் ஜப்பானியர், ஒருவர் தைவான்காரர். 2015-இல் 'சிக்ஸ்டீன்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் 16 பேரிலிருந்து அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் நீக்கப்பட்ட மோமோவை நிறுவனத் தலைவர் கடைசி நேரத்தில் திரும்பச் சேர்த்தார். இன்று அவர் இல்லாத டுவைஸை ரசிகர்களால் எண்ணிப் பார்க்கவே முடியாது.

பாடல்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. சுவீடன், நார்வே, அமெரிக்காவைச் சேர்ந்த இசையமைப்பாளர்களையும் கொரிய எழுத்தாளர்களையும் சில நாட்கள் ஒரே கட்டடத்தில் உட்காரவைத்து, சிறு சிறு அணிகளாகப் பிரித்துப் பாடல்களை உருவாக்கவைக்கும் முகாம்களை எஸ்எம் போன்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. ஒருவரின் தாளம், இன்னொருவரின் மெட்டு, மூன்றாமவரின் வரிகள். ஆறேழு பேர் கைவைத்த பாட்டு என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் கேட்டவரை இந்த முகாம்களிலிருந்து வந்த பாடல்களில் மிகச் சிறந்தவையும் உண்டு, மறக்க வேண்டியவையும் உண்டு. தனியே அமர்ந்து எழுதியவற்றின் நிலையும் அதுதான்.

கவலைக்குரியது பணக் கணக்கு. பயிற்சி, தங்குமிடம், உடை, காணொளி, நடன ஆசிரியர் என்று நிறுவனம் முதல் போடுகிறது. குழு அறிமுகமானபின் வரும் வருமானத்தில் அந்தச் செலவு கழிந்த பிறகே உறுப்பினர்களுக்குப் பங்கு என்பது பல நிறுவனங்களின் வழக்கம். எந்தச் செலவு எதில் சேரும் என்று கணக்கெழுதுவதும் நிறுவனமே. குழு வெல்லவில்லை என்றால் கணக்கு நேராகாமலே ஆண்டுகள் ஓடிவிடும். அறிமுகமாகாமல் விலக நினைக்கும் பிள்ளைகளையும் இது விடவில்லை. செலவிட்ட தொகையைப்போல இரண்டு, மூன்று மடங்கை அபராதமாகக் கேட்கும் விதிகள் பயிற்சி ஒப்பந்தங்களில் இருந்தன. பெரிய நிறுவனங்கள் எட்டின் ஒப்பந்தங்களை ஆராய்ந்த கொரிய நியாய வணிக ஆணையம், 2017-இல் அவற்றைத் திருத்தவைத்தது.

நீண்டகால ஒப்பந்தம் பற்றிய பெரும்போர் அதற்கு முன்பே நடந்துவிட்டது. 2003 டிசம்பரில் அறிமுகமான டிவிஎக்ஸ்கியூ குழு, கிழக்காசியா முழுவதையும் ஆட்டிவைத்த ஐவர் குழு. அவர்களது ஒப்பந்தம் 13 ஆண்டுகளுக்கானது. 2009 ஜூலையில் ஐவரில் மூவர் எஸ்எம் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அக்டோபரில் சியோல் நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவிட்டது. அதே ஆண்டு நியாய வணிக ஆணையம் ஏழு ஆண்டு வரம்புள்ள மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. கொரியக் குழுக்கள் ஏழாவது ஆண்டில் உடைவதை ரசிகர்கள் 'ஏழாண்டுச் சாபம்' என்கிறார்கள். அது சாபமே அல்ல. அந்த ஏழு ஆண்டு வரம்பு தரும் விடுதலை நாள். வழக்குத் தொடுத்த மூவரும் அதற்குக் கொடுத்த விலை, பல ஆண்டுகள் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளில் முகம் காட்ட முடியாமல் போனது.

பெயரின் கதை இன்னும் வேதனையானது. எச்.ஓ.டி. உறுப்பினர்கள் 2018 அக்டோபரில், 17 ஆண்டுகள் கழித்து, சியோல் ஒலிம்பிக் அரங்கில் ஒன்றுகூடிப் பாடினார்கள். 'எச்.ஓ.டி.' என்ற வணிக முத்திரை வேறொருவரிடம் இருந்ததால், அந்த எழுத்துகளின் விரிவான 'ஹை-ஃபைவ் ஆஃப் டீனேஜர்ஸ்' என்பதையே நிகழ்ச்சியின் பெயராக வைத்தார்கள். அரங்கம் நிறையத் திரண்டிருந்த, நடுவயதை நெருங்கும் ரசிகைகளுக்கு அந்த மூன்று எழுத்துகள் இளமையின் பெயர். பாடியவர்களுக்கு அது அடுத்தவர் சொத்து. 'பீஸ்ட்' குழுவினரும் நிறுவனத்தைவிட்டு விலகியபோது பெயரை விட்டுவிட்டு, 2017-இல் 'ஹைலைட்' என்று தொடங்க வேண்டியிருந்தது.

தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை ரசிகர்களிடமே கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். தொலைக்காட்சி அதையும் செய்து பார்த்தது. 1999-இல் நியூசிலாந்தில் தொடங்கிய 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சி, குழு கூட்டும் வேலையையே தொடராகக் காட்டியது. பல நாடுகள் அந்த வடிவத்தை வாங்கின. இந்தியாவில் அது 2002-இல் 'விவா' என்ற ஐவர் குழுவைத் தந்தது. குழு சில ஆண்டுகளே நிலைத்தது. அதில் பாடிய நேஹா பாசினைப் பிற்பாடு 'சத்தம் போடாதே' படத்தின் 'பேசுகிறேன் பேசுகிறேன்' பாட்டில் தமிழர்கள் கேட்டார்கள். கொரியாவில் 2016-இல் தொடங்கிய 'ப்ரொட்யூஸ் 101' இன்னும் ஒரு படி போய், 101 பயிற்சியாளர்களை நிறுத்தி, பார்வையாளர்களையே 'தேசியத் தயாரிப்பாளர்கள்' என்று அழைத்து, வாக்களித்து 11 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. ரசிகர்கள் காசு சேர்த்துச் சுரங்க ரயில் நிலையங்களில் தங்கள் விருப்பத்துக்குரியவருக்கு விளம்பரப் பலகை வைத்தார்கள்.

2019-இல் நான்காவது பருவத்தின் இறுதிச் சுற்று முடிந்ததும், போட்டியாளர்களுக்கு இடையிலான வாக்கு வித்தியாசத்தில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். காவல்துறை விசாரித்தது. வாக்குகள் திருத்தப்பட்டிருந்தன. முதன்மைத் தயாரிப்பாளர் ஆன் ஜூன்-யங் கைதாகி, 2020 மே மாதம் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அந்தப் பருவத்தில் உருவான எக்ஸ்1 குழு 2019 ஆகஸ்டில் அறிமுகமாகி 2020 ஜனவரியில் கலைந்தது. வாக்குத் திருத்தத்தால் அநியாயமாக வெளியேற்றப்பட்ட 12 பேரின் பெயர்களை மேல்முறையீட்டு நீதிமன்றம் வெளியிட்டது. ஒரு நாட்டின் நீதிமன்றம் பாப் போட்டியின் முடிவுகளைத் திருத்தி வாசிக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பன்னிரண்டு பிள்ளைகள் இழந்தது எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த முறை இப்போது கொரியாவைத் தாண்டிவிட்டது. கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் இசை நிறுவனமும் சேர்ந்து, கொரியப் பயிற்சி முறையில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பன்னாட்டுக் குழுவை உருவாக்கின. விண்ணப்பித்தவர்கள் 1,20,000 பேர். 20 பேர் போட்டிக்கு வந்தார்கள். 2023 நவம்பரில் அறுவர் 'கேட்ஸ்ஐ' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டார்கள். அவர்களில் லாரா ராஜ் தமிழ் வம்சாவளி அமெரிக்கர்; நெற்றியில் பொட்டோடு மேடையேறும் அவரைப் பார்த்து மகிழும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர், அதற்குப் பின்னாலிருந்த ஆண்டுக்கணக்கான பயிற்சியையும் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். குழு உருவான கதையைச் சொன்ன 2024-இன் ஆவணத் தொடரில் அது இருக்கிறது. நாள்தோறும் ஒன்றாகப் பயிற்சி செய்த தோழிகள், இனி மக்கள் வாக்குக்காக ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும் என்று கேட்டபோது அவர்கள் முகங்களில் ஓடிய அதிர்ச்சியை மறக்க முடியவில்லை. தேர்வானவர்கள் மேடையில் காட்டும் நெருக்கம் நடிப்பல்ல என்பதையும் அதே தொடர்தான் எனக்குச் சொன்னது. ஒன்றாகத் துன்பப்பட்டவர்களுக்கு இடையே வரும் நெருக்கம் அது. எந்த நிறுவனமும் அதைப் பாடத்திட்டத்தில் எழுதி வைக்க முடியாது.

2025-இல் கிர்ஷ்னரின் வழியும் திரும்பி வந்தது. 'கேபாப் டீமன் ஹண்டர்ஸ்' என்ற அசைவூட்டப் படத்தின் நாயகியர், வரைந்து உருவாக்கிய மூன்று பெண்கள் கொண்ட ஒரு பாப் குழு. ஆகஸ்டில் அவர்களது 'கோல்டன்' பாடல் பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. குழுவின் முதன்மைக் கதாபாத்திரத்துக்குப் பாடியவர் ஈஜே என்ற கொரிய-அமெரிக்கப் பாடகி. சிறுமியாக எஸ்எம் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்து, பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து, எந்தக் குழுவிலும் இடம் கிடைக்காமல் வெளியேறியவர். அதன் பிறகு மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிப் பிழைத்தார். எஸ்எம் நிறுவனத்தின் ரெட் வெல்வெட் என்ற பெண்கள் குழு பாடிய 'சைக்கோ' அவர் சேர்ந்து எழுதியது. 'கோல்டன்' பாட்டை எழுதியவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கிறது.